மாட்டு உப்பு

அயோடின் சேராத உப்பு வேண்டும் என்றேன்.
செல்லூர்க் கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.
"மாட்டுக்காம்மா?"
ஆமாம் என்றேன்.

இரண்டு வாரம் அந்த மாடு
மீன் தின்னவில்லை, பால் தொடவில்லை.
கழுத்தில் நாலு விரற்கடைத் தையலோடு
கோரிப்பாளையம் லேபில் உட்கார்ந்து
ஊரார் ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தது.

தைராய்டு பட்டாம்பூச்சி போலிருக்கும் என்பார்கள்.
ஃபார்மலின் டப்பாவில் என்னுடையதைப் பார்த்தேன்.
ஊறிய புளி உருண்டை.
மேலே ஒட்டிய சீட்டில் எழுத்துப்பிழை வேறு:
எஸ்தர் பொற்கோடி.

எடுத்தாயிற்று.
ஆனாலும் ரத்தத்தில் தைரோகுளோபுலின் 14.6.
பதினொரு வருடமாக இந்தச் சோதனையை ஓட்டுகிறவள் நான்.
அந்தப் புரதத்தை உடம்பில் வேறு எதுவும் செய்யாது.
காலி செய்த வீட்டுக்குக்
கரண்ட் பில் வருகிறதென்றால்
உள்ளே யாரோ இருக்கிறார்கள்.

ஈயச் சிமிழுக்குள் ஒரே ஒரு மாத்திரை.
நீளக் கிடுக்கியால் நீட்டிய பையன்
கதவுக்கு அந்தப் பக்கம் போய் நின்று
"முழுங்கிட்டீங்களாக்கா?" என்றான்.

பட்டினி போட்ட செல்லுக்கு
அயோடின் என்றால் அயோடின்தான்.
வாசலில் நின்று உள்ளே இழுக்கிற புரதத்துக்கு
127 எது, 131 எது, தெரியாது.
சித்திரைக் கூட்டத்தில் டிக்கெட் பார்க்காத கண்டக்டர் மாதிரி
ஏறு ஏறு என்று ஏற்றிக்கொள்ளும்.
ஏறியது உட்கார்ந்த இடத்திலேயே உடையும்.
அடி விழுவது ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குள்.
மிச்சம் சுவர் வரைக்கும் வரும்,
அதற்குத்தான் ஈயக் கதவு.

மூன்று நாள்.
எலுமிச்சை மிட்டாய், இரண்டிரண்டு முறை ஃப்ளஷ்,
பாலிதீன் சுற்றிய போன்.
அதில் ராஜபாண்டி
யார் வீட்டிலோ பழுதான ஏசி கம்ப்ரஸரைப் பற்றியே பேசினார்.
நான் அழவில்லை.
கண்ணீரிலும் அது இருக்கும்;
துடைத்த துண்டை எங்கே போடுவதென்று
யாரும் சொல்லவில்லை.

வீட்டு ஹாலில் மிருதுளா
சாக்பீஸால் கோடு கிழித்திருந்தாள். ஏழு டைல்ஸ்.
"எப்பம்மா தாண்டலாம்?"
எட்டு நாளில் பாதியாகும் என்றேன்.
"அப்ப எட்டாம் நாள் மூணரை டைல்ஸ்."
கணக்கில் அவளோடு சண்டை போட முடியாது.

பதினைந்தாம் நாள் சுபைதா ஊசி குத்தினாள்.
சுழற்றி, மஞ்சளாய்த் தெளிந்த சீரத்தை
நானே கருவிக்குள் வைத்தேன்.
61.

தெரியும். சாகிற செல்
கையில் வைத்திருந்ததையெல்லாம் ரத்தத்தில் போட்டுவிட்டுத்தான் சாகும்.
வீட்டை இடிக்கும்போது புழுதி கிளம்பத்தான் செய்யும்.
தெரியும்.
தலைக்குத் தெரிந்தது
முழங்காலுக்குத் தெரியவில்லை.
ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஆறு மாதம் கழித்து:
0.1க்குக் கீழ்.
எதிர்ப்புப் புரதம் உண்டா என்று தனியாகப் பார்த்தேன்.
அது இருந்தால் இந்த எண் பொய் சொல்லும்.
இல்லை.
பூஜ்யம் என்று மட்டும் கருவி எழுதுவதில்லை.
தனக்கு எட்டவில்லை என்கிறது, அவ்வளவுதான்.
சில சொந்தக்காரர்களைவிட யோக்கியம்.

அதே தட்டில், என் குழாய்க்குப் பக்கத்துக் குழாய்:
திருமங்கலம், ஆண், வயது 29.
அறுவை முடிந்து எட்டு வாரம்.
212.

சாயங்காலம் போன் வந்தது.
"மேடம், ரிசல்ட் நார்மல்தானே?"
பனகல் சாலையில் ஒரு ஆம்புலன்ஸ் போய் முடிகிற வரைக்கும்
ரிசீவரைப் பிடித்திருந்தேன்.
டாக்டரைப் பாருங்க என்றேன்.
அதைத்தான் சொல்ல வேண்டும்.
அவர் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.

உங்கள் ஊர்ப் பக்கம்
மாட்டு உப்பு கிடைக்குமா என்று கேட்க
வாய் வரைக்கும் வந்தது.
என் அலமாரியில் இன்னும் அரைப் பொட்டலம் இருக்கிறது.